பத்மினிக் காரும் ஹெட் காஸ்கட்டும்: ஐயம் எழுந்தால் ஆராயும் முறை

மலருக்கு ஆண்டுதோறும் கல்வெட்டு, நிகண்டு, பழைய அளவை முறைகள் என்று ஏதாவது எழுதித் தருவது என் வழக்கம். இந்த முறை மலர்க் குழு நண்பர் ஒருவர், "ஐயா, எல்லாருக்கும் புரியற மாதிரி, கையால தொட்டுப் பாக்கற விஷயமா ஒண்ணு எழுதுங்களேன்" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். நாற்பது வருஷமாக என்னிடம் இருப்பவை இரண்டு. ஒன்று பாத்திரக் கடை, மற்றொன்று பிரீமியர் பத்மினிக் கார். கடையைப் பற்றி எழுதினால் விளம்பரம் என்பார்கள். ஆகவே காரைப் பற்றி எழுதுகிறேன்.

நான் மெக்கானிக் அல்லன். பொறியியல் படித்தவனும் அல்லன். கோட்டைப் பகுதி நடைபாதையில் பழைய விலைக்கு வாங்கிய கையேடுகளை அகராதி வைத்துக்கொண்டு படித்தும், கராஜ்களில் மணிக்கணக்கில் நின்று பார்த்தும் தெரிந்துகொண்டதுதான் எல்லாம். பழைய கார் வைத்திருக்கும் அன்பர்களுக்குப் பணமும் மனக்கஷ்டமும் கொஞ்சம் மிச்சமானால் போதும்.

1. பத்மினியும் மும்பையும்

வால்சந்த் ஹீராசந்த் 1944-இல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். தொழிற்சாலை நம் குர்லாவில், எல்.பி.எஸ். மார்க்கில் இருந்தது. இத்தாலியின் ஃபியட் நிறுவனத்தோடு உறவு வைத்துக்கொண்டு சிறிய கார்களைக் கட்டினார்கள். 1964-இல் 'ஃபியட் 1100 டிலைட்' வந்தது. 1970-களில் அதே வண்டி பெயர் மாறிப் 'பிரீமியர் பத்மினி' ஆயிற்று. சித்தூர் ராணி பத்மினியின் பெயர் அது. நம்மவர்களில் பலர் நாட்டியப் பேரொளி பத்மினியின் பெயர் என்றே நினைத்திருந்தார்கள், நானும் கொஞ்ச காலம் அப்படித்தான்!

கல்கத்தாவுக்கு அம்பாசிடர் எப்படியோ அப்படி மும்பைக்குப் பத்மினி. கறுப்பு மஞ்சள் டாக்சி என்றாலே பத்மினிதான். மாதுங்கா நிலையத்தில் மூட்டை முடிச்சோடு இறங்கிய நம் குடும்பங்களை வீடு சேர்த்த வண்டி. 2000-ஐ ஒட்டி உற்பத்தி நின்றது. தார்தேவ் ஆர்.டி.ஓ.வில் 2003 அக்டோபர் 29-இல் பதிவான ஒரு வண்டிதான் மும்பையின் கடைசிப் பத்மினி டாக்சி. டாக்சிக்கு 20 வருஷ வயது வரம்பு உண்டு என்பதால் 2023 அக்டோபர் 30 முதல் சாலையில் பத்மினி டாக்சியே இல்லாமல் போயிற்று. இன்று எஞ்சியிருப்பவை என்னைப் போன்றவர்களின் சொந்த வண்டிகள். சொந்த வண்டிக்குப் 15 வருஷத்துக்குப் பிறகு ஐந்தைந்து வருஷமாகப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்தச் சமயத்தில் எஞ்சின் கோளாறு வந்தால், "பழைய இரும்புக்குப் போட்டுடுங்க" என்று சொல்ல நாலு பேர் வருவார்கள். அதனால்தான் கோளாறு எது என்று நாமே நிச்சயமாகத் தெரிந்துகொள்வது அவசியமாகிறது.

2. காஸ்கட் என்பது என்ன?

வீட்டில் பிரஷர் குக்கர் இருக்கிறது. மூடியின் விளிம்பில் ரப்பர் வளையம் இருக்கிறது. அதற்கும் காஸ்கட் என்றுதான் பெயர். அது தேய்ந்துபோனால் என்ன ஆகும்? ஓரத்தில் நீராவி சீறும், விசில் வராது, தண்ணீர் வற்றி அடி பிடிக்கும். கார் எஞ்சினிலும் கதை இதுவேதான்.

பத்மினி எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர்கள், கொள்ளளவு 1089 சி.சி. கீழ்ப்பகுதியான பிளாக் வார்ப்பிரும்பு. மேலே மூடும் ஹெட் அலுமினியம். இரண்டுக்கும் நடுவில் பெரிய ஓட்டைகளும் சிறிய ஓட்டைகளுமாக ஒரு தகடு இருக்கும். அதுதான் ஹெட் காஸ்கட். குக்கர் காஸ்கட்டுக்கு நீராவியை அடைக்கிற வேலை மட்டும்தான். இதற்கோ மூன்று வேலைகள்: எரிகிற வாயுவை சிலிண்டருக்குள் அடைக்க வேண்டும், குளிர்விக்கும் தண்ணீரை அதன் வழியில் விட வேண்டும், எண்ணெயை அதன் வழியில் விட வேண்டும். ஒன்று மற்றொன்றில் கலக்கக் கூடாது. பெட்ரோல் எரியும்போது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், கார் டயரில் இருப்பதைப் போல் பதினைந்து இருபது மடங்கு.

பாத்திர வியாபாரி என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரே சூட்டில் அலுமினியம், வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். எஞ்சின் சூடாகி ஆறும்போதெல்லாம் ஹெட்டும் பிளாக்கும் சமமாக நீண்டு சுருங்குவதில்லை. இடையில் அகப்பட்ட காஸ்கட் உரசிக்கொண்டே இருக்கிறது. அளவான சூட்டில் பல வருஷம் தாங்கும். ஒரு தடவை கொதித்துவிட்டால் ஹெட் வளைந்துவிடலாம். அந்தக் கொதிப்பின் பலன் பல மாதம் கழித்துக்கூட வெளியே தெரியும்.

3. கசிவின் நான்கு வழிகள்

"காஸ்கட் போச்சு" என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோம். ஆனால் அது எங்கே விட்டது என்பதைப் பொறுத்து அறிகுறி மாறும்.

முதல் வழி, ஒரு சிலிண்டரிலிருந்து பக்கத்துச் சிலிண்டருக்கு. இரண்டுக்கும் இடையே காஸ்கட் மிகக் குறுகலாக இருக்கும். அங்கே எரிந்துபோனால் வண்டி நடுங்கும், இழுவை குறையும். தண்ணீரோ எண்ணெயோ கெடாமலே இருக்கலாம்.

இரண்டாம் வழி, சிலிண்டரிலிருந்து தண்ணீர் அறைக்கு. எரிந்த வாயு தண்ணீரில் புகுந்து ரேடியேட்டர் வாயில் குமிழியாக வரும். வாயு அடைத்துக்கொண்ட இடத்தில் தண்ணீர் ஓடாது, எஞ்சின் கொதிக்கும், தண்ணீர் வழிகுழாயில் வெளியேறும். நிறுத்தி வைத்தபின் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கினால், மறுநாள் காலையில் எஞ்சின் தடுமாறிக் கிளம்பி வெள்ளைப் புகை விடும்.

மூன்றாம் வழி, தண்ணீரும் எண்ணெயும் கலப்பது. டிப் ஸ்டிக்கில் எண்ணெய், பால் ஊற்றிய காப்பி நிறத்தில் வரும். இதுதான் மிக ஆபத்து, ஏனென்றால் பேரிங்குகள் சீக்கிரம் கெடும்.

நான்காம் வழி, வெளிப்பக்கக் கசிவு. ஹெட்டும் பிளாக்கும் சேரும் கோட்டில் தண்ணீர் காய்ந்த கறையோ எண்ணெய்ப் பிசுக்கோ தெரியும்.

4. ஏமாற்றும் அறிகுறிகள்

இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். மேலே சொன்ன ஒவ்வொரு அறிகுறிக்கும் வேறு காரணமும் உண்டு.

வண்டி கொதிக்கிறதா? ரேடியேட்டர் அடைப்பு, தொய்ந்த ஃபேன் பெல்ட், திறக்காத தெர்மோஸ்டாட், தேய்ந்த வாட்டர் பம்ப், தாமதமான டைமிங் எல்லாவற்றுக்கும் இதே அறிகுறிதான். மும்பையில் போர்வெல் தண்ணீர் ஊற்றும் வண்டிகளில் ரேடியேட்டர் அடைப்புதான் நான் அதிகம் பார்த்தது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிகிறது.

வெள்ளைப் புகையா? மழைக்காலக் காலையில் எந்த வண்டியும் இரண்டு நிமிஷம் வெள்ளையாகப் புகைக்கும். எஞ்சின் சூடான பிறகும் நிற்காமல் வந்தால்தான் ஐயப்பட வேண்டும். வெளிநாட்டுப் புத்தகங்களில் புகை இனிப்பாக மணக்கும் என்று எழுதியிருக்கும். அது கூலன்ட் ஊற்றிய வண்டிக்கு. நம்மில் பலர் வெறும் தண்ணீர் ஊற்றுகிறோம், எனவே அந்த மணம் வராது. மணம் இல்லை என்பதால் கோளாறு இல்லை என்று நினைத்துவிடக் கூடாது.

எண்ணெய் மூடிக்கு அடியில் வெண்ணெய் போல ஒட்டியிருக்கிறதா? மாதுங்காவிலிருந்து சயான் வரை போய்வரும் வண்டியில் எஞ்சின் முழுச்சூடு அடையாது. உள்ளே ஈரம் தங்கி மூடியில் இப்படிப் படியும். டிப் ஸ்டிக் எண்ணெயைப் பாருங்கள். ஐயம் தீரவில்லையா? ஒரு பழைய இரும்புக் கரண்டியை வாசலில் வைத்துச் சூடாக்கி, ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். கடுகு தாளிக்கிற மாதிரி படபடவென்று வெடித்தால் தண்ணீர் இருக்கிறது. சத்தமில்லாமல் பரவினால் இல்லை. முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

5. டாக்சிக்கார அண்ணாச்சிக்கு நேர்ந்தது

1990-களில் தாராவியில் குடியிருந்த திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர், என் கடைச் சரக்கைத் தம் டாக்சியில் ஏற்றி வருவார். வங்கிக் கடனில் வாங்கிய பத்மினி. வண்டி கொதிக்க ஆரம்பித்தது. ஒரு கராஜில், "ஹெட் காஸ்கட் கயா" என்று சொல்லிப் பிரித்துப் புதிது போட்டார்கள். பத்து நாளில் மறுபடி கொதித்தது. "காஸ்கட் சரியா உக்காரல" என்று மறுபடி பிரித்தார்கள். இரண்டு தடவையும் சேர்த்து ஒன்பது நாள் வண்டி ஓடவில்லை. கடன் தவணை நிற்குமா? வீட்டம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது.

மூன்றாவது தடவை கொதித்தபோது என்னிடம் வந்து, "மொதலாளி, வண்டியவே வித்துட்டு ஊருக்குப் போயிரலாம்னு இருக்கேன்" என்றார். எனக்கு அப்போது புத்தக அறிவு மட்டும்தான். இருந்தாலும் ஒன்று தோன்றியது. எஞ்சினை ஓடவிட்டு நிறுத்திவிட்டு, ரேடியேட்டரின் முன்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தோம். மேலே கொதிக்கிறது, கீழே ஒரு பாதி முழுக்க ஆறிக் கிடக்கிறது. சூட்டுத் தண்ணீர் அந்தப் பாதிக்குப் போகவே இல்லை! சயானில் ரேடியேட்டர்காரர் மேல் தொட்டியைப் பற்றவைப்புப் பிரித்து, குழாய்களில் மெல்லிய கம்பி விட்டுக் குத்தி எடுத்தார். வெள்ளை வெள்ளையாக உப்பு கொட்டியது. அதற்கான கூலி, ஒரு தடவை ஹெட் பிரித்த கூலியில் கால் பங்குகூட இல்லை. வண்டி பிறகு கொதிக்கவில்லை. அடகுச் சங்கிலியை மீட்க அவருக்கு ஒன்றரை வருஷம் ஆயிற்று.

யாரும் மோசடி செய்ததாக நான் சொல்லவில்லை. கொதித்தால் காஸ்கட் என்று அந்த மெக்கானிக்குக்கு ஒரு வழக்கம். வழக்கம் சோதனை ஆகாது. நோய் எது, அது எதனால் வந்தது, தீர்க்கும் வழி எது என்று வரிசையாகப் போகச் சொல்லி வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் எப்போதோ வழிகாட்டிவிட்டார்.

6. சோதனை வரிசை

செலவில்லாத சோதனை முதலில், செலவுள்ளது கடைசியில். இதுதான் விதி.

அ) கணக்கு எழுதுங்கள். எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு தண்ணீர் ஊற்றினோம் என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். கடைக் கணக்கு எழுதுகிற நமக்கு இது கஷ்டமா?

ஆ) வெளிக் கசிவு பாருங்கள். இரவில் வண்டிக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் எந்த இடத்தில் ஈரம் என்று தெரியும். ஹோஸ் பைப், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் தையல் எல்லாம் பாருங்கள்.

இ) குளிர்ந்த எஞ்சினில் குமிழி பாருங்கள். இதுதான் முக்கியம். காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். சூடான எஞ்சினில் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள், கொதிநீர் முகத்தில் அடிக்கும். ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டால் வாட்டர் பம்ப் சுற்றாது, தண்ணீர் அசையாமல் நிற்கும். இப்போது எஞ்சினைக் கிளப்பி ஒரு நிமிஷம் மட்டும் பாருங்கள், அதற்கு மேல் ஓடவிடக் கூடாது. முதலில் ஒன்றிரண்டு காற்றுக் குமிழி வந்து நின்றால் கவலையில்லை. விடாமல் வரிசையாக வந்தால், ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது கூடினால், எரிந்த வாயு கலக்கிறது என்று பொருள். தண்ணீர் கொதித்து வரும் குமிழி சூட்டில்தான் வரும். ஆறிய எஞ்சினில் வரும் குமிழிக்குக் கொதிப்பைக் காரணம் காட்ட முடியாது. சூடான பிறகு குமிழியைக் காட்டி, "பாருங்க சேட், காஸ்கட்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஈ) பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வையுங்கள். மூன்று பழுப்பாகவும் ஒன்று மட்டும் கழுவி வைத்த மாதிரியும் இருந்தால், அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது.

உ) கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். நான்கு பிளக்கையும் கழற்றி, காயில் ஒயரை எடுத்துவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். மானி காட்டும் எண்ணை ஒவ்வொரு சிலிண்டருக்கும் எழுதிக்கொள்ளுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட நான்கும் ஒத்துப்போகிறதா என்பதுதான் முக்கியம். ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு சிறு கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் நன்றாக ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது காஸ்கட். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்தாற்போல் குறைந்தால் பெரும்பாலும் நடுவில் காஸ்கட் எரிந்திருக்கும்.

ஊ) காற்றடித்துக் கேளுங்கள். பிஸ்டன் மேலே வந்து இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில், பிளக் ஓட்டை வழியாகக் காற்றடிக்க வேண்டும். பஞ்சர் கடைக் கம்ப்ரஸரே போதும், பிளக் மரைக்கு ஏற்ற ஒரு முனை வேண்டும். காற்று தள்ளி எஞ்சின் சுற்றாதபடி டாப் கியரில் போட்டு ஹேண்ட் பிரேக் பிடித்திருங்கள், ஃபேன் பக்கம் கை வைக்காதீர்கள். பிறகு காதுதான் கருவி. கார்ப்பரேட்டரில் சீறினால் இன்லெட் வால்வு. சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. எண்ணெய் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங். பக்கத்துப் பிளக் ஓட்டையில் வந்தாலும், ரேடியேட்டரில் குமிழி எழுந்தாலும் காஸ்கட். வெடித்த ஹெட்டிலும் இந்தக் குமிழி வரலாம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

எ) ஐயம் இன்னும் இருந்தால் நீலத் திரவச் சோதனை உண்டு. ரேடியேட்டர் வாயில் உள்ள காற்றை ஒரு நீலத் திரவத்தின் வழியாக இழுப்பார்கள். எரிந்த வாயுவில் கரியமில வாயு இருப்பதால் நீலம் மஞ்சளாக மாறும். சிறு கசிவையும் காட்டிக்கொடுக்கும்.

7. என் வண்டியில் நடந்தது

இவ்வளவு பேசுகிற நான் சறுக்கிய இடத்தையும் சொல்லிவிட வேண்டும். சில வருஷங்களுக்கு முன், பதிவு புதுப்பிக்க வேண்டிய சமயத்தில், என் பத்மினி நின்ற இடத்தில் நடுங்கியது. செம்பூர் மேம்பாலம் ஏறத் திணறியது. தண்ணீரும் லேசாகக் குறைந்தது. மெக்கானிக் பையன், "மாமா, காஸ்கட்டா இருக்கும்" என்றான். நானோ அண்ணாச்சி கதையைச் சொல்லி அவன் வாயை அடைத்துவிட்டு ரேடியேட்டரைச் சுத்தம் செய்தேன். பயனில்லை. கார்ப்பரேட்டரைப் பிரித்தேன், பிளக் மாற்றினேன். அதிலும் பயனில்லை. கொதித்தாலே காஸ்கட் என்று அவர்களுக்கு ஒரு வழக்கம் என்றால், எப்போதும் ரேடியேட்டர் என்று எனக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டிருந்தது!

கடைசியில் நானே எழுதி வைத்த வரிசைப்படி போனோம். ஆறிய எஞ்சினில் மெல்லிய குமிழி, ஆனால் விடாமல் வந்தது. கம்ப்ரஷன் பார்த்தபோது முதல் சிலிண்டர் 120 பவுண்டு, இரண்டாவது 70, மூன்றாவது 65, நான்காவது 115. எண்ணெய் விட்டும் ஏறவில்லை. இரண்டாவதில் காற்றடித்தபோது மூன்றாவது பிளக் ஓட்டையில் வைத்த காகிதத் துண்டு பறந்தது. பையன் என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அவன் நல்ல பையன்.

ஹெட்டைத் திறந்தால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே காஸ்கட் கரியாகியிருந்தது. நேர்ச்சட்டம் வைத்து ஃபீலர் கேஜ் நுழைத்துப் பார்த்தோம், ஹெட் நடுவில் வளைந்திருந்தது. ஏன்? அதற்கு முந்தின வருஷம் கண்டாலா மலைப்பாதையில் ஃபேன் பெல்ட் அறுந்தது. நிழலாக ஓர் இடம் பார்த்து நிறுத்தலாம் என்று இரண்டு கிலோமீட்டர் ஓட்டினேன். அந்த இரண்டு கிலோமீட்டர்தான் காரணம்.

8. கண்டுபிடித்த பிறகு

காஸ்கட்தான் என்று உறுதியானால் அதை மட்டும் மாற்றிவிட்டு மூடக் கூடாது. ஹெட் நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வளைவு 0.1 மில்லிமீட்டரைத் தாண்டினால் ஃபேஸிங் செய்ய வேண்டும், அதுவும் எடுக்கக்கூடிய அளவுக்குள். வெடிப்பு இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். பழைய காஸ்கட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு. உலரச் சுரண்டாமல் நனைத்து எடுக்கச் சொல்லுங்கள். நட்டுகளை நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றில், டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்க வேண்டும். கொஞ்சம் ஓடியபின் கையேட்டில் சொன்னபடி மறுபடி இறுக்கி, டாப்பெட் இடைவெளியும் பார்க்க வேண்டும். பத்மினி சாமான்கள் குர்லா சி.எஸ்.டி. ரோட்டிலும் ஆபரா ஹவுஸ் பக்கமும் தேடினால் இன்னும் கிடைக்கின்றன.

ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போட்டால் ஓட்டை அடைபடும் என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள். முட்டை வெள்ளைக்கருவும் சிலர் சொல்வார்கள், நான் அந்தப் பக்கமே போகவில்லை. ரேடியேட்டரின் ஊசித் துளைக்கு, ஊர் போய்ச் சேரும் வரை மஞ்சள்தூள் உதவலாம். காஸ்கட் கசிவுக்கு அது மருந்து அல்ல, நல்ல குழாயையும் சேர்த்து அடைத்துவிடும்.

முடிவாக ஒரு வார்த்தை. வண்டி சூடாகி முள் ஏறினால் உடனே நிறுத்துங்கள், நிழல் தேடாதீர்கள். கோளாறு என்று யார் சொன்னாலும், நீங்களே நினைத்தாலும், சோதித்துப் பார்த்த பிறகு நம்புங்கள். என் பத்மினிக்கு ஐந்து வருஷத்துக்குப் பதிவு கிடைத்துவிட்டது. சங்க ஆண்டு விழாவுக்கு அதில்தான் வருவேன். சந்தேகம் உள்ளவர்கள் வாசலில் என்னைக் கேட்கலாம். எஞ்சின் ஆறிய பிறகு மூடியைத் திறந்து காட்டுகிறேன்.